ஜோகூரில் பெட்ரோல் போட்டால் எஞ்சின் விளக்கு எரிகிறது

10 நவம்பர் 2024, இரவு 10.40

வேறு யாருக்காவது இப்படி ஆகிறதா? என் வண்டி 2009 மார்ச்சில் பதிவானது. ஜப்பான் செடான், 1.6 லிட்டர், ஆட்டோ கியர். மலேசியப் பக்கம் ஜோகூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்பினால் கடற்பாலத்தைத் தாண்டுவதற்குள் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. மூன்று நான்கு நாளில் தானாக அணைந்தும் போகிறது. செப்டம்பரில் ஒரு முறை, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு முறை, இன்று ஒரு முறை. மூன்று தடவையும் ரோன்97 ரகப் பெட்ரோல். சிங்கப்பூர் வண்டிக்கு அங்கே ரோன்95 போட அனுமதி இல்லை, ஆகவே விலை கூடியதைத்தான் போடுகிறேன். அப்படியும் இந்தக் கதி. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெட்ரோல்தான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

11 நவம்பர் 2024

"விற்றுத் தொலைத்துவிட்டுப் புதுசு வாங்கு" என்று எழுதிய மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பதில். சிஓஇ, அதாவது இங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அது மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அதற்கு மேல்தான் வண்டி விலை. 2019ல் நான் அதை 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 5 ஆண்டுக்குப் போட்டால் அதன் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதால் அந்தத் துணிச்சல். ஸ்கிராப்புக்குப் போட்டால் கிடைத்திருக்க வேண்டிய கழிவையும் அப்போதே விட்டுக்கொடுத்தாயிற்று. வண்டிக்கு வயது 15 என்பதால் சாலை வரியில் 50 சதவீதம் கூடுதல், வருடா வருடம் பரிசோதனை. இவ்வளவு கொட்டிய பிறகு 2029 மார்ச் வரை நானும் இந்த வண்டியும் தம்பதி மாதிரிதான். விளக்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

16 நவம்பர் 2024

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறு எண், அதாவது கோடு, பி0171. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். பட்டறை அங்கிள் என்னைப் பார்க்காமலே "ஓல்டு கார், ஆக்சிஜன் சென்சார் மஸ்ட் சேஞ்ச் லா" என்றார். 260 வெள்ளி. மாற்றி, கோடை அழித்து, விளக்கை அணைத்து அனுப்பினார்.

25 நவம்பர் 2024

ஒன்பது நாள் ஆகிவிட்டது, விளக்கு இல்லை. சென்சார்தான். பெட்ரோல் என்று நான் சொன்னது தப்பு. இந்த மன்ற இழையை மூடிவிடலாம்.

1 டிசம்பர் 2024, நள்ளிரவு

மூட வேண்டாம்.

பள்ளி விடுமுறை, ஞாயிறு, சகலை வீடு ஜோகூரில், ஸ்கூடாயில். காலையில் போனோம், இரவு திரும்பினோம். போகும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசை, வரும்போது இரண்டரை. பாதிப் பாலத்தில் விளக்கு எரிந்தது. இன்று நான் அங்கே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் போடவில்லை. சென்சார் புத்தம் புதுசு. என் இரண்டு முடிவும் ஒரே இரவில் கவிழ்ந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

2 டிசம்பர் 2024

ஓர் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது, இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால்வாசி இருந்தாக வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர். ஆக, நான் அங்கே எவ்வளவு முயன்றாலும் 15, 16 லிட்டருக்கு மேல் போட இடமே இல்லை. மீதி முழுக்க இங்கே தெம்பனிஸில் போட்டது. கால்வாசி பெட்ரோல் கலந்து அரை மணி நேரத்தில் விளக்கு எரிய வேண்டுமானால் அது பெட்ரோலாகவே இருக்காது, தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் என்றால் வண்டி திணறியிருக்கும். திணறவில்லை.

3 டிசம்பர் 2024

நேற்று இரவு உட்கார்ந்து படித்ததை எழுதுகிறேன், ஏனென்றால் என் மொத்தக் கதையையும் இது புரட்டிப் போட்டுவிட்டது.

எஞ்சின் கம்ப்யூட்டர் கோளாறைப் பார்த்த உடனே விளக்கைப் போடுவதில்லை. பி0171 மாதிரி கோடுகளுக்கு முதல் ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால் தனக்குள்ளே பென்சிலில் குறித்துக்கொள்ளும். இதைப் பெண்டிங் கோடு என்கிறார்கள். வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பி, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் பேனாவில் எழுதி விளக்கைப் போடும். அதே மாதிரி, கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் போனால் விளக்கை அணைக்கும். அணைத்தாலும் கோடு உடனே அழிவதில்லை. கோளாறு தலைகாட்டாமல் எஞ்சின் பொதுவாக 40 முறை சூடாகி ஆறிய பிறகுதான் அழியும்.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். போகும்போது வரிசையில் கோளாறு, பென்சில் குறிப்பு. சகலை வீட்டில் வண்டியை நிறுத்தினேன். திரும்பும்போது வரிசையில் மறுபடி கோளாறு, விளக்கு. இரண்டுக்கும் நடுவில் நான் வழக்கமாகச் செய்கிற ஒரே காரியம் பெட்ரோல் போடுவது. விளக்கு எரியும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது பெட்ரோல் நிலைய ரசீது மட்டும்தான். காலையில் நடந்ததை யார் நினைக்கிறார்கள்?

பட்டறை அங்கிளின் சென்சார் ஒன்பது நாள் "வேலை செய்ததும்" இதனால்தான். அவர் கோடை அழித்தார், நான் அந்த நாட்களில் ஜோகூர் போகவில்லை. என் பழைய சென்சாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 260 வெள்ளி.

3 டிசம்பர் 2024, பிற்பகல்

"பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகினீர்களா" என்று கேட்ட தம்பிக்கு: மூடி தளர்ந்தால் வருவது வேறு கோடு, பி0455 அல்லது பி0457 என்று ஆவி கசிவு வரிசையில் வரும். ஆனாலும் போய்த் திருகிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

8 டிசம்பர் 2024

இணையத்தில் 25 வெள்ளிக்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி செருகி வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள செருகுவாய் இருக்கிறது, அங்கே மாட்டினால் கைப்பேசியில் எல்லாம் தெரிகிறது. விளக்கு வியாழனே அணைந்துவிட்டது, ஆனால் கோடு உள்ளேயே இருந்தது. கோடோடு ஒரு படமும் இருந்தது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிறார்கள், கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்ற விவரம். பட்டறையில் கோடை அழித்தபோது முந்தைய படமும் கூடவே போயிருக்கும். இனி எவரையும் என் கோடை அழிக்க விட மாட்டேன்.

படத்தில் இருந்தது: வேகம் 0. எஞ்சின் சுற்று 690. குளிர்விப்பு நீர் 92 டிகிரி. ஷார்ட் டேர்ம் ட்ரிம் +11, லாங் டேர்ம் ட்ரிம் +21.

ட்ரிம் என்றால் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேலே எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறது என்பது. ஷார்ட் டேர்ம் அந்த நொடிக்கானது, லாங் டேர்ம் மெல்ல மெல்லப் படிந்தது. ஐந்துக்குள் மேலே கீழே ஆடினால் கவலையில்லை. இரண்டையும் கூட்டினால் 32. வண்டி நின்றுகொண்டு மூச்சு வாங்கியிருக்கிறது.

14 டிசம்பர் 2024

சின் மிங் பக்கம் வேறொரு பட்டறை. மெக்கானிக் ஈப்போக்காரர், நம்மவர். கைப்பேசியைக் காட்டினேன், முதல் பட்டறையில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "அண்ணே, ஓடும்போது எவ்ளோ காட்டுது?" 2,500 சுற்றில் பிடித்துப் பார்த்தோம், லாங் டேர்ம் +4. அப்படியென்றால் கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது என்றார். காற்றளவு சென்சாரைத் தாண்டி, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால், ஒரு ஓட்டை. நிற்கும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டைக் காற்று பெரிய பங்கு. ஓடும்போது இழுக்கும் காற்று மிக அதிகம், ஓட்டைக் காற்று அதில் காணாமல் போய்விடும். பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்தால் இதற்கு நேர்மாறு, மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறும்.

ஸ்மோக் டெஸ்ட் செய்தார். காற்று வழிக்குள் புகையை அடித்து எங்கே கசிகிறது என்று டார்ச் வைத்துத் தேடுவது. 60 வெள்ளி. எங்கேயும் வரவில்லை. எஞ்சின் ஆவியைத் திருப்பி இழுக்கும் பிசிவி குழாயைத் தொட்டுப் பார்த்தார், காற்று எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் ஸ்பிரே அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அவர் முன்னால் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, ட்ரிம் +6, அது ஒரு குற்றமா? "வர்றப்ப கொண்டாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார். வரும்போது நான் கடற்பாலத்தில் இருப்பேன் தம்பி.

15 டிசம்பர் 2024

ரோன்92 போடலாமா என்று பாதி இழை வேறு பக்கம் ஓடிவிட்டது. என் வண்டியின் கையேடு 91க்கு மேல் போதும் என்கிறது, நான் 95 போடுகிறேன், பழக்கம். 98 போட்டால் எஞ்சின் "சுத்தமாகும்" என்று சொன்னவருக்கு: அந்த எண் எஞ்சினுக்குள் தட்டல் வராமல் தாங்குகிற திறனுக்கு. சுத்தத்துக்கு அல்ல. சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

28 டிசம்பர் 2024

இரண்டு வாரமாகச் சந்தேகப் பட்டியல்: ரப்பர் குழாய் சூட்டில் விரிந்து வாய் திறக்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தேய்ந்து, டி கியரில் நிற்கும்போது எஞ்சின் சாய்ந்து குழாயை இழுக்கிறது. ஏசி. மழை. மழையை மட்டும் அடித்துவிட்டேன், டிசம்பர் முழுக்கக் கொட்டியது, விளக்கு மறுபடி வரவில்லை.

வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். அபராதம் இருக்கட்டும், மூன்றாம் மாடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்வை போதும்.

12 ஜனவரி 2025, இரவு

இன்று மறுபடி ஸ்கூடாய். இந்த முறை செருகி மாட்டியபடியே போனோம். ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, ஆகவே மனைவி கையில் கொடுத்து எண்களை வாசிக்கச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. அப்புறம் நூறு மீட்டருக்கு ஒரு முறை "ஒன்பது, பதினொண்ணு, பதினாலு" என்று கோவில் வரிசையில் டோக்கன் கூப்பிடுகிற குரலில் வாசித்தாள்.

பாலத்தின் நடுவில் வரிசை அசையவே இல்லை. கால் வலித்தது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை எடுத்தேன்.

"குறையுது."

"எது?"

"நம்பர்தான். பதினேழுல இருந்தது, இப்ப ஒம்போது. இன்னும் இறங்குது."

மறுபடி டி, காலால் பிரேக். ஏறியது. மறுபடி நியூட்ரல். இறங்கியது. ஐந்து முறை செய்தோம், பின்னால் நின்ற லாரிக்காரர் என் பிரேக் விளக்கைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

ஆக, டியில் நின்றால் கோளாறு. எஞ்சின் மவுண்ட்தான். கண்டுபிடித்தாயிற்று! ஈப்போத் தம்பிக்கு நாளை போன்.

13 ஜனவரி 2025, காலை 7.15

இல்லை. மவுண்ட் இல்லை. போன் செய்யும் முன் நல்ல வேளை கீழே போய் ஒரு முறை சரிபார்த்தேன். நேற்று நான் இரண்டு காரியத்தைச் சேர்த்துச் செய்திருக்கிறேன்: கியரை மாற்றினேன், காலையும் எடுத்தேன். எதனால் குறைந்தது என்று எப்படித் தெரியும்? இன்று பார்க் கியரிலேயே வைத்து எஞ்சினைக் கிளப்பி, கொஞ்சம் சூடானதும் பிரேக்கை மட்டும் மிதித்தேன். ஷார்ட் டேர்ம் ட்ரிம் சரசரவென்று ஏறியது. விட்டேன், இறங்கியது. கியருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக்.

ஒலி 96.8 வானொலியை நிறுத்திவிட்டு மறுபடி மிதித்தேன். காலடியில் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இத்தனை மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. பாட்டுப் போடாமல் நான் வண்டி ஓட்டியதில்லை. பெரியவர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அணைத்துவிட்டேன்.

13 ஜனவரி 2025, இரவு

ஈப்போத் தம்பி போனில் ஒரே வார்த்தை: "பூஸ்டர்."

நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது பிரேக் பூஸ்டர், எஞ்சினுக்குப் பின்னால் தட்டு மாதிரி உருண்டையாக இருக்குமே, அது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு இரண்டு பக்கமும் அறை. எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடம் ஒரு குழாய் வழியே அங்கே போகிறது. கால் வைக்காதபோது இரண்டு அறையிலும் வெற்றிடம், சவ்வு கிழிந்திருந்தாலும் காற்று போக வழியில்லை. மிதித்தால் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக் காற்றை விடுகிறது, அந்த அழுத்த வித்தியாசம்தான் நமக்கு உதவுவது. சவ்வில் கிழிசல் இருந்தால், மிதித்துக்கொண்டிருக்கும் வரை அந்தக் காற்று கிழிசல் வழியே அடுத்த அறைக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போய்க்கொண்டே இருக்கும். காற்றளவு சென்சார் அதைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் பாவம், பெட்ரோலைக் கூட்டுகிறது.

ஊருக்குள் ஓடும்போது பிரேக்கில் கால் இருக்கும் நேரம் எவ்வளவு? சிவப்பு விளக்கில் ஒன்று, இரண்டு நிமிடம். லாங் டேர்ம் ட்ரிம் ஏறத் தொடங்கும் முன் பச்சை. கடற்பாலத்தில்தான் இரண்டு மணி நேரம் காலை எடுக்காமல் நிற்கிறோம்.

ஸ்மோக் டெஸ்ட்டில் ஏன் வரவில்லை என்றும் கேட்டேன். பூஸ்டர் குழாயில் ஒரு வழித் தடுப்பான் இருக்கிறது, காற்று பூஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு மட்டும் போகும். எஞ்சின் பக்கத்திலிருந்து அடித்த புகை அங்கேயே நின்றுவிட்டது. "அன்னைக்கு பிரேக்க மிதிக்கச் சொல்லியிருக்கணும்ண்ணே, தப்பு என்னுது" என்றார். 60 வெள்ளியை வேலையில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். இப்படிப்பட்டவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து. பானை பொங்கியது, வண்டி கீழே நிற்கிறது.

வீட்டிலேயே பார்க்கும் சோதனை கேட்டவர்களுக்கு: எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கட்டியாகிவிடும். மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் உதவவில்லை. அடுத்து, எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்து, அப்படியே எஞ்சினை அணைத்து அரை நிமிடம் காலை வைத்திருங்கள். பெடல் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வரக் கூடாது. எனக்கு முதல் சோதனை தேறியது, இரண்டாவதில் பத்து எண்ணுவதற்குள் பெடல் மேலே வந்துவிட்டது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் நடுவிலிருந்தே பெடல் கொஞ்சம் கட்டியாக இருந்தது. பழைய வண்டி என்று விட்டுவிட்டேன். விளக்கு ஜோகூருக்குப் போகிற நாளில் மட்டும் வந்ததால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. எஞ்சின் விளக்கு என்று பெயர் வைத்தால் பிரேக்கை யார் நினைப்பார்கள் என்று சால்ஜாப்புச் சொல்லலாம். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

24 ஜனவரி 2025

வண்டியை எடுப்பதில்லை, எம்ஆர்டி ரயில்தான். பழைய பாகம் 120க்குக் கிடைக்கும், புதுசு 340. பிரேக்கில் பழசு வேண்டாம் என்று புதுசு சொல்லிவிட்டேன். பாகம் வரவில்லை, சீனப் புத்தாண்டுக்கு எல்லாப் பட்டறையும் மூடப் போகிறார்கள். சக ஊழியர் ஒருவர் "காரை விற்றுவிட்டாயா" என்று ஆறுதலாகக் கேட்டார்.

8 பிப்ரவரி 2025

மாற்றியாயிற்று. கூலியோடு 460, கழிவு போக 400. பழைய பூஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், உள்ளே பார்க்க வழியில்லை, மூடிய டப்பா. மிதித்துப் பிடித்தால் ட்ரிம் அசையவில்லை, +2, +3. சத்தம் இல்லை. பெடல் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதையே மறந்திருக்கிறேன், பட்டறை வாசலில் முதல் பிரேக்கிலேயே தலை முன்னால் போய்விட்டது.

விளக்கு இன்னும் எரிகிறது, ஜனவரி 12 அன்று வந்தது. அழிக்கட்டுமா என்றார் தம்பி. வேண்டாம், தானாகப் போகட்டும் என்றேன்.

11 பிப்ரவரி 2025

தைப்பூசம். காலையில் தேக்காவுக்குப் போகும் வழியில் பார்த்தேன், விளக்கு இல்லை.

2 மார்ச் 2025

நேற்று ஸ்கூடாய். போக ஒன்றரை மணி நேரம், வர ஏறக்குறைய இரண்டு. வேண்டுமென்றே நியூட்ரல் போடாமல் முழு நேரமும் பிரேக்கில் காலை வைத்திருந்தேன். வேண்டுமென்றே ரோன்97ம் போட்டேன். மனைவி பாதிப் பாலம் வரை வாசித்தாள்: மூணு, நாலு, மூணு, மூணு. அப்புறம் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு "போதும், பாட்டுப் போடுங்க" என்றாள்.

இந்த இழையின் தலைப்பை மாற்ற முடியவில்லை, முயன்று பார்த்தேன். போன வாரம் சகலை எனக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் அனுப்பினார்: "ஜோகூர் பெட்ரோல் போட்டால் எஞ்சின் விளக்கு எரியுமாம், சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அனுபவத்தில் எழுதியிருக்கிறார், கவனமாக இருங்கள்."